கனத்த உடம்பும் வராத பாலும்

என் எடையைப் பற்றி எனக்குத் தெரியாத எதையும் இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அரியலூரில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால், டிரைவர் மூன்று பேர் சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னும் ஒருத்தர் மட்டும்" என்று கூவுவார். நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். எடை என்பது பூமி ஒரு பொருளைத் தன்னை நோக்கி இழுக்கும் விசை என்று ஆண்டுதோறும் முதல் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பும். பூமிக்கு என்மேல் கொஞ்சம் பிரியம் அதிகம் என்று நானே சொல்லி அதை முடித்துவைப்பேன். அடுத்தவர் சொல்வதற்குள் நாம் சொல்லிவிட வேண்டும். குண்டானவர்களுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் என்கிறார்களே, அது இப்படி வருவதுதான், பிறவிக்குணம் ஒன்றுமில்லை.

எனக்குக் கல்யாணம் தாமதம். பிள்ளை அதைவிடத் தாமதம். நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதில் உண்டானபோது, ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மாதமும் என்னை எடைமேடையில் ஏற்றினார்கள். சுகர் பார்க்கச் சொன்னார்கள், பிரஷர் பார்க்கச் சொன்னார்கள், இனிப்பை நிறுத்தச் சொன்னார்கள். எல்லாரும் ஏதாவது ஒன்றுக்குப் பயந்தார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் பயம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், ஸ்கேன் எடுக்கும் இடத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்மணி உட்பட எல்லாரும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: உனக்கென்னம்மா, பாலுக்குப் பஞ்சமிருக்காது.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், நானும் அதை நம்பினேன். இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டு திரிவதற்கு ஒரு உபயோகமாவது இருக்கட்டும் என்ற நப்பாசை. உள்ளே இருக்கும் பொருள் என்னவென்று பார்க்காமல், பாத்திரத்தின் அளவை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதை எந்த மாணவனாவது தேர்வில் செய்திருந்தால் முழு மதிப்பெண்ணையும் வெட்டியிருப்பேன்.

பிரசவம் பெரம்பலூரில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். அறுவை சிகிச்சைதான். பெண் குழந்தை. மயக்கம் தெளிந்து, வயிற்றில் தையலும் கையில் ட்ரிப்ஸ் ஊசியுமாகக் கிடந்தவளிடம் சிஸ்டர் குழந்தையைக் கொண்டுவந்து, பால் கொடுங்க என்றார். ஏதோ சில்லறை கொடுங்க என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

நம் இலக்கியத்தில் பெண்ணின் மார்பை மலைக்கும் குடத்துக்கும் தாமரை மொட்டுக்கும் ஒப்பிட்ட புலவர்களை வரிசையில் நிறுத்தினால் பெரம்பலூரிலிருந்து திருச்சி வரைக்கும் நிற்பார்கள். அவர்களில் ஒருவராவது அதைப் பிள்ளையின் வாயில் எப்படி வைப்பது என்று எழுதியிருக்கலாம். பிள்ளைத்தமிழ் பாடியவர்களும் பிள்ளை ஓரளவு தேறிய பிறகுதான் ஏட்டைக் கையில் எடுக்கிறார்கள். அதற்கு முந்தின கதையில் அவர்கள் தலையிடுவதில்லை. என் பிரச்சினை எளிமையானது. குழந்தையின் தலையைவிட என் மார்பு பெரியது. படுத்தால் அது ஒரு பக்கம் சரிகிறது, உட்கார்ந்தால் வயிற்றின்மேல் உட்கார்ந்துகொள்கிறது. வயிற்றிலோ தையல். குழந்தையை மடியில் வைக்கலாம் என்றால் எனக்கு மடி என்று தனியாக ஒன்று கிடையாது. குழந்தை வாயைத் திறந்து தேடுகிறது, பிடிக்கிறது, நழுவுகிறது, அழுகிறது. மூக்கு அமுங்கி மூச்சு நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். சிஸ்டர் ஒரு கையால் மார்பைத் தூக்கிப் பிடித்து, மறுகையால் குழந்தையின் தலையைப் பிடித்து, முழங்கையால் என் தோளை நிமிர்த்தி, கொஞ்ச நேரத்தில் அவருக்கே வியர்த்துவிட்டது. "இவ்ளோ இருந்தும் குடுக்கத் தெரியலையே மேடம்" என்றார். கோபமாக இல்லை, அலுப்பாகத்தான் சொன்னார்.

பக்கத்துக் கட்டிலில் லப்பைக்குடிகாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். ஈர்க்குச்சி மாதிரி உடம்பு. அவள் ஒரு கையில் பிள்ளையை அணைத்துக்கொண்டு, மறுகையில் போனைப் பிடித்து, துபாயில் இருக்கும் கணவனிடம் பிள்ளையின் மூக்கு யாரைப் போல இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டே பால் கொடுப்பாள். அவள் மகன் குடிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம். என் பெண்ணிடமிருந்து அப்படியொரு சத்தம் வரவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்ததைச் சரியான இடத்தில் பொருத்திப் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் என் பெண் அழுது அழுது குரல் கம்மிப்போனபோது அந்தப் பெண் தானாகவே கேட்டாள். "அக்கா, நான் வேணா கொஞ்சம் குடுக்கட்டுமா?" அவள் அம்மா உடனே குறுக்கிட்டு, கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் ஒரு மிடறு பழகிவிட்டால் அது பால்குடி உறவாகிவிடும், பிறகு இந்த ரெண்டு பிள்ளைகளுக்கும் நிக்காஹ் பேச முடியாது, யோசித்துக்கொள் என்றார். எங்கள் வீட்டில் அப்படியொரு உத்தேசம் இல்லை என்று நான் உறுதி கூறினேன். வார்டே சிரித்தது. என் பெண் அன்று வயிறு நிரம்பக் குடித்துவிட்டு உள்ளங்கையை விரித்துப்போட்டுத் தூங்கினாள். ஈர்க்குச்சியிடம் ஆறு ஓடுகிறது, மலையிடம் சொட்டு இல்லை. இதை ஒரு தடயமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம்.

அம்மா உயிரோடு இல்லாததால், பிள்ளைபெற்றவளைப் பார்த்துக்கொள்ள ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். அம்மாவின் அக்கா. இரண்டு பை நிறைய பூண்டும் சுக்கும் கருவாடும் கொண்டுவந்தார். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். தலையில் நரைமுடி எட்டிப்பார்க்கும் பெரிய பாப்பா ஒன்று சின்னப் பாப்பா ஒன்றை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து அரியலூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

பெரியம்மாவின் கருத்துப்படி, பிள்ளைபெற்ற உடம்புக்கு இரண்டு விதமான பத்தியம் உண்டு. ஒல்லியானவளுக்கு ஏற்ற வேண்டும். பருத்தவளுக்கு இறக்க வேண்டும். கொண்டுவந்த கருவாடும் பூண்டும் முதல் வகைக்கு. அவற்றை வாசனை வராமல் கட்டி மேலே வைத்துவிட்டார். எனக்கு ஒரு கரண்டிச் சோறு, மிளகு ரசம். தண்ணீர் கேட்டால் வாயை நனைக்கும் அளவுக்கு ஒரு டம்ளர் அடியில். பச்சைத் தண்ணி குடிச்சா வயிறு தொப்பை போட்டுடும், ஏற்கெனவே போட்டது போதாதா என்பது அவர் கேள்வி. பால் சுரக்க ஏதாவது சாப்பிட வேண்டாமா என்று கேட்டேன். "ஒனக்கு எதுக்கு? ஒடம்புலயே இருக்கு பாப்பா. அது கரைஞ்சா பாலா வந்துரும்" என்றார். கொழுப்பு உருகிப் பாலாக மாறும் என்ற இந்தக் கோட்பாட்டை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் என் தொப்பைக்கு அதைவிட நல்ல எதிர்காலத்தை யாரும் காட்டியதுமில்லை.

குழந்தை அழுதது. பால் இல்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பால் கெட்டியாக இருக்கிறது, பிஞ்சு வாயால் இழுக்க முடியவில்லை என்றார் பெரியம்மா. வேகமாக வருகிறது, அதனால் திணறுகிறது என்றார் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பிள்ளை பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மா. அளவுக்கு மிஞ்சிக் குடித்து வயிறு வலிக்கிறது, ஓம வாட்டர் கொடுங்கள் என்றார் இன்னொருவர். பற்றாக்குறை என்ற ஒரு காரணத்தைத் தவிர மற்ற எல்லாக் காரணங்களும் எங்கள் வீட்டு ஹாலில் அலசப்பட்டன. சாட்சியாக நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துவிட்டு யாரால்தான் பற்றாக்குறை என்று சொல்ல முடியும்?

பிறகு மார்பு வீங்கியது. இறுகி, பளபளவென்று, தொட்டால் விண்ணென்று வலித்தது. பெரியம்மா தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "பால் கட்டிக்கிச்சு. எனக்கு அப்பவே தெரியும். இவ்ளோ பாலையும் இந்தப் பூஞ்சைப் புள்ளை எப்படிக் குடிக்கும்?" என்றார். வைத்தியமும் அவரிடமே இருந்தது. மல்லிகைப்பூ.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது தெரியும். பால் கட்டி வலித்தால் மார்பில் உதிரி மல்லிகையைப் பரப்பித் துணியால் இறுகக் கட்டுவார்கள். வலி குறையும். பால் வேண்டாம் என்றாலும் அதையேதான் செய்வார்கள். பால் வற்றிவிடும். இரண்டுக்கும் ஒரே பூ, ஒரே கட்டு. எவ்வளவு நேரம் வைப்பது என்பதில்தான் வித்தியாசம் என்று பெரியம்மா சொன்னார். கொஞ்ச நேரம் வைத்தால் இளகும், தொடர்ந்து வைத்தால்தான் வற்றும். இளகுகிற அளவுக்கு மட்டும் வைப்போம் என்றார். ஆனால் என் மார்பின் அளவைப் பார்த்தபிறகு, கொஞ்ச நேரம் இதற்குப் போதாது என்று அவருக்கே தோன்றிவிட்டது. பெரிய உடம்புக்குப் பெரிய அளவு மருந்து. அதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கும் பட்டது.

பூ வாங்கிவரும் பொறுப்பு என் கணவருக்கு வந்தது. அவர் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை செய்கிறார். ஷிப்ட் முடிந்து புருவத்தில் சாம்பல் தூசியோடு நேராகப் பூக்கடைக்குப் போய் உதிரி மல்லிகை கிலோக் கணக்கில் கேட்டிருக்கிறார். வீட்டில் விசேஷமா என்று பூக்காரம்மா விசாரித்ததாம். பொண்டாட்டிக்கு என்று இவர் சொன்னாராம். அன்றிலிருந்து அரியலூர் மார்க்கெட்டில் மனைவிமேல் மிகுந்த ஆசை வைத்த மனிதர் என்று அவருக்கு ஒரு பெயர் ஏற்பட்டது. இன்றுவரை அவர் அதைத் திருத்தவில்லை.

பூவைப் பரப்பி, பழைய பருத்திப் புடவையைக் கிழித்து இறுகக் கட்டினார் பெரியம்மா. வாடினால் மாற்றினார். வீடு முழுக்கக் கல்யாண மண்டபத்தின் வாசனை. வலி குறைந்தது. குழந்தையின் அழுகையும் குறைந்தது. நாளுக்கு நாள் சாதுவாகி, மார்பில் போட்டால் ரெண்டு தடவை சப்பிவிட்டு அப்படியே கண்ணை மூடிக்கொண்டது. வயிறு ரொம்பிருச்சு என்றார் பெரியம்மா. பிள்ளை பார்க்க வந்தவர்கள், என்ன சமத்து, சத்தமே காணோமே என்று மெச்சினார்கள். நானும் நிம்மதியாகத் தூங்கினேன். எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம்.

அதைக் கலைத்தவர் என் கணவர். பிள்ளையின் ஈரத் துணிகளை அலசிக் கொடியில் போடுவது அவர் வேலை. வீட்டு வேலை எதிலும் எவ்வளவு குறைகிறது என்பதை நுணுக்கமாகக் கவனிக்கக் கூடியவர். ஒருநாள் மாலை வாளியைப் பார்த்துவிட்டு, இன்னைக்குத் துணி கம்மியா இருக்கே என்று சந்தோஷமாகச் சொன்னார். மறுநாள் அதையே சொன்னார், சந்தோஷம் இல்லாமல். பிறகு கொடிக்குக் கீழே போய் நின்றார். கொடியில் ஒரே ஒரு துணி காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே வந்து குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"இது சமத்தா இருக்கிற மாதிரி தெரியல எனக்கு" என்றார். "ஒண்ணுக்கே போகல. டாக்டர்ட்ட போலாம், கெளம்பு."

குழந்தைகள் டாக்டர் ஒரு பெண்மணி. என்னைவிட வயதில் இளையவர். முதலில் குழந்தையை எடைமேடையில் போட்டார். அந்தக் கணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாழ்நாள் முழுவதும் எடைமேடையில் எண் குறையாதா என்று வேண்டிக்கொண்டவள் நான். முதன்முறையாக ஒரு எண் குறைந்திருந்தது. பிறந்தபோது இருந்ததைவிட நன்றாகவே குறைந்திருந்தது. வீட்டில் எடை ஏற வேண்டியது ஒரு ஆள், இறங்க வேண்டியது ஒரு ஆள். ஏற வேண்டியது இறங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் குழந்தையின் உதட்டையும் தோலையும் பார்த்தார். பால் எப்படி என்று கேட்டார். நிறைய இருக்கு, கட்டிக்கிச்சு என்றேன். பார்க்கலாம் என்று திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். கட்டை அவிழ்த்ததும் வாடின மல்லிகை மொத்தமும் அவர் மேஜையிலும் தரையிலும் கொட்டியது. அவர் பூவை ஒதுக்கிவிட்டு மார்பை மெதுவாக அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான்.

கூட வந்திருந்த பெரியம்மா திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். "வச்சது நாந்தாங்க டாக்டரம்மா" என்றார்.

எதுக்கும்மா வச்சீங்க என்று டாக்டர் கேட்டார். கட்டிக்கிச்சுன்னு நெனச்சேன் என்றார் பெரியம்மா. பூ வைத்தால் பால் நின்றுவிடும் என்று தெரியாதா என்று டாக்டர் கேட்டதும் பெரியம்மா தரையில் கிடந்த பூவைப் பார்த்தபடி சொன்னார்:

"தெரியுங்க. எனக்கு மொதப் புள்ள தவறினப்ப இதைத்தான் வச்சாங்க. ரெண்டே நாள்ல வத்திருச்சு. எனக்கு ஒடம்பே கெடையாது அப்ப. எலும்புந் தோலுமா இருப்பேன். இவளுக்கு இருக்கிற ஒடம்புக்கு இந்தப் பூ என்னத்தைப் பண்ணிரும்னு நெனச்சேன்."

அந்தப் பிள்ளையைப் பற்றி அதுவரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. வீட்டில் யாரும் பேசிக் கேட்டதுமில்லை. டாக்டர் நாற்காலியை நகர்த்தி அவரை உட்காரச் சொன்னார். பிறகு எங்கள் இருவருக்கும் சேர்த்தே விளக்கினார்.

மார்பு பெரிதாகத் தெரிவது கொழுப்பால்; பால் சுரப்பது உள்ளே இருக்கும் சுரப்பியில். உடம்பு கனமாக உள்ளவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு பால் இறங்கத் தாமதமாவது உண்டு. பால் சுரக்கச் சொல்லும் ஹார்மோன் அவர்களில் சிலருக்கு மந்தமாகத்தான் வேலை செய்யும். ஆபரேஷன், சர்க்கரை, வயது இவையும் சேர்ந்தால் இன்னும் தாமதம். என்னிடம் எல்லாமே இருந்தது. அந்த வீக்கம் பால் கட்டியது இல்லை, ட்ரிப்ஸில் ஏற்றின நீர் கோத்துக்கொண்டது. தாமதமாக வந்துகொண்டிருந்த பாலைத்தான் நாங்கள் பூ வைத்து, கட்டுப் போட்டு, தண்ணீரையும் நிறுத்தித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். "இது உங்க தப்புன்னு சொல்லல. வர்றதுக்கு முன்னாடியே நெறையா இருக்குன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்க, அதான்" என்றார்.

திரும்ப வருமா என்று கேட்டேன். என் குரல் வகுப்பில் கேட்கிற குரலாக இல்லை. முயற்சி பண்ணலாம், முழுசா வரும்னு வாக்குக் கொடுக்க முடியாது என்றார். பவுடர் பாலைப் பாலாடைச் சங்கில் புகட்டச் சொன்னார். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் மார்பு, பிறகுதான் பாலாடை. குடித்தபிறகு கையால் பீய்ச்சி எடுக்க வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர், பசிக்குச் சோறு. பிள்ளையை மடியில் போட வேண்டாம், பக்கவாட்டில் கக்கத்துக்குள் இடுக்கிக்கொள்ளுங்கள், கால் உங்கள் முதுகுப் பக்கம் போகட்டும் என்று காட்டிக் கொடுத்தார். சந்தையிலிருந்து கோழியை இடுக்கிக்கொண்டு வருவது போல இருந்தது. அந்த நிலையில்தான் என் பெண் முதன்முறையாக வாய் நழுவாமல் பிடித்தாள். இந்த வித்தையை ஆஸ்பத்திரியிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். மடி இல்லாத பெண்களும் உலகத்தில் பிள்ளை பெறுகிறார்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை போலும்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மார்பில் போடுவது, பாலாடை புகட்டுவது, பீய்ச்சுவது, கழுவுவது, மறுபடி மார்பில் போடுவது. பீய்ச்சினால் டம்ளரின் அடிகூட நனையாது. அதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை. எனக்கு இருந்த பயம் ஒன்றுதான்: பிள்ளை ஒருநாள் மார்பை வேண்டாம் என்று தள்ளிவிடும். பாலாடையில் கஷ்டப்படாமல் கிடைக்கிறபோது, வராத இடத்தில் எதற்கு மெனக்கெடப் போகிறது? எனக்கே சில சமயம் விட்டுவிடலாம் என்று தோன்றியது. தலையணை மூன்று, சுவரில் முதுகு, ஆள் துணை எல்லாம் சேர்ந்தால்தான் எனக்கு ஒரு முறை பால் கொடுக்க முடியும். இதை வைத்துக்கொண்டு வெளியில் போவது எப்படி? மெலிந்தவர்கள் முந்தானையை இழுத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் கொடுத்துவிடுகிறார்கள். நான் முந்தானையை இழுத்துவிட்டால் இன்னொரு பக்கம் தெரியும். உடம்பு கனத்தவர்கள் சீக்கிரமே நிறுத்திவிடுகிறார்கள் என்று பிற்பாடு எங்கோ படித்தேன். படிக்காமலேயே எனக்குக் காரணம் தெரியும்.

பெரியம்மா கருவாட்டுப் பையை இறக்கினார். பூண்டை உரித்துப் பாலில் வேகவைத்தார். தண்ணீர்ச் செம்பை என் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, காலியானால் சொல்லாமல் நிரப்பினார். ஆனால் என்னைத் தொடுவதை நிறுத்திவிட்டார். பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றால், கை ஈரமா இருக்கு என்பார். அடுப்படியில்தான் அதிகம் இருந்தார், சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஒருநாள் என்னால் பொறுக்க முடியவில்லை. "பெரியம்மா, நீங்க மட்டுமா நம்புனீங்க? நானுந்தான் நம்புனேன். நான் காலேஜ்ல பாடம் நடத்துறேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுவும் நெசந்தான். நான் படிக்காதவ" என்று, பாதிப் பழியை என் பக்கம் தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிள்ளையை வாங்கினார். அதற்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

பால் வந்ததை எனக்கு முதலில் சொன்னது என் ரவிக்கை. கல்லூரியில் எனக்குப் பதிலாக வகுப்பெடுத்த பெண் போன் செய்து, மாதிரி வினாத்தாளில் ஒரு கணக்கு இடிக்கிறது என்றாள். வெப்ப விரிவு பற்றிய கணக்கு. நான் விளக்கிக்கொண்டிருந்தேன். தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. மார்பில் ஊசி குத்தினாற்போல ஒரு சுருக். குனிந்து பார்த்தால் ரவிக்கையில் வட்டமாக ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிட்டேன். அந்தக் கணக்கை அவள் எப்படி முடித்தாள் என்று இதுவரை கேட்கவில்லை.

ஆறு ஒன்றும் ஓடவில்லை. பிள்ளைக்குத் தேவையானதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும் என்று ஒரு குத்துமதிப்பு. மீதிக்குப் பவுடர். டாக்டரிடம் போனால் எண் ஏறியிருந்தது. போதும், ரெண்டையும் கொடுங்க, பிள்ளை கேட்கிறவரைக்கும் மார்பை நிறுத்தாதீங்க என்றார். கொடியில் துணி நிறைந்தது. என் கணவர் முனகிக்கொண்டே அலசினார்.

பிள்ளைக்குக் கழுத்து நின்றபின் பெரியம்மா ஊருக்குக் கிளம்பினார். கணவருக்கு ஷிப்ட். பெரம்பலூர் வரைக்கும் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று பிள்ளையோடு பஸ் ஏறினேன். பிரசவத்துக்குப் பிறகு நான் பஸ்ஸில் போவது அதுதான் முதல்முறை. பையில் வெந்நீர் பிளாஸ்க், பவுடர், இதற்குள் பாலாடைக்குப் பதிலாக வந்துவிட்டிருந்த பாட்டில். வெளியில் போனால் பாட்டில் மட்டும்தான் என்று எனக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் நான், அடுத்து பெரியம்மா. எங்கள் இருவரில் மெலிந்தவர் அவர்தான் என்பதால் மூன்றாவதாக ஒரு அம்மாள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார முடிந்தது.

ஊர் எல்லை தாண்டும் முன்பே குழந்தை அழ ஆரம்பித்தது. பாட்டிலைக் கலக்கிக் கொடுத்தேன். ரப்பரை நாக்கால் தள்ளியது. மறுபடி கொடுத்தேன், மறுபடி தள்ளியது. முகத்தை என் மார்பில் வைத்துத் தேய்த்து அழுதது. இத்தனை நாளாக இது என்னை வேண்டாம் என்று சொல்லிவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன். வேண்டும் என்று சொல்லும்போது எனக்குக் கை வரவில்லை. தலையணை இல்லை, சுவர் இல்லை, பஸ் நிறைய ஆட்கள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

விளிம்பில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த ஒடம்ப வச்சிக்கிட்டுப் புள்ளைக்குப் புட்டிப்பாலா குடுக்குற?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பினார்.

"ஒடம்பு வேற, பால் வேறங்க" என்றார். "இவளுக்குப் பாதிதான் வருது. அதை வர வச்சதே பெரும்பாடு. மீதிக்குப் புட்டி. நீங்க கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க, புள்ளைய இடுக்கணும், எடம் பத்தல."

அந்த அம்மாள் எழுந்தார். பெரியம்மா நகர்ந்து, துணிப்பையை என் முழங்கைக்கு அடியில் தலையணையாகச் செருகி, தன் முந்தானையை விரித்து முன்சீட்டுக்கும் எங்கள் சீட்டுக்கும் நடுவில் மறைப்பாகப் பிடித்துக்கொண்டார். நான் பிள்ளையைக் கக்கத்துக்குள் திருப்பிப் போட்டேன். பஸ் குலுங்கியதில் ஒருமுறை நழுவியது, மறுபடி தானே பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் முடித்ததும் மறுபக்கத்துக்கு அழுதது. அதற்குத் திரும்பி உட்கார இன்னும் கொஞ்சம் இடம் தேவைப்பட்டது. பெரியம்மாவும் எழுந்துகொண்டார்.

மூன்று பேர் சீட்டு முழுவதும் எங்கள் இருவருக்கே ஆனது. பெரம்பலூர் வரைக்கும் அவர்கள் இருவரும் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார்கள். பிள்ளை குடித்துக்கொண்டே வந்தாள்.